பழைய பத்திரத் தொகுதிகள்: பக்கக் கணக்கு போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சார்பதிவாளர் அலுவலகங்களில் உள்ள பழைய தொகுதிகளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் வேலை பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. அந்தச் செய்திகளில் பெரும்பாலும் எத்தனை லட்சம் பக்கம் முடிந்தது என்ற கணக்குதான் இருக்கும். இந்த வேலையைப் பக்கக் கணக்கால் அளப்பதும், பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுப்பதும்தான் இதில் நேரும் தவறுகளில் பாதிக்கு மேல் காரணம் என்பது, இப்பதிவேடுகளோடும் ஸ்கேனரோடும் தினமும் பழகுகிறவர்களான எங்கள் கருத்து. எங்கே, எப்படித் தவறுகிறது என்பதை விவரமாகச் சொன்னால் அலுவலர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் உதவும், சொத்து வாங்குகிறவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறோம்.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 51ஆம் பிரிவு ஐந்து புத்தகங்களைச் சொல்கிறது. நிலம், வீடு பற்றிய பத்திரங்கள் 1ஆம் புத்தகத்தில் வரும். பதிவு மறுத்த காரணம் 2இல், உயில் 3இல், இதர ஆவணங்கள் 4இல், உறையிலிட்டு ஒப்படைத்த உயில்களின் விவரம் 5இல். பழைய தொகுதிகளில் ஒவ்வொரு பத்திரமும் கையால் படியெடுக்கப்பட்டிருக்கும். படியெடுத்தவர், ஒப்புநோக்கியவர் இருவரின் கையெழுத்தும் அடியில் இருக்கும்.

இனி ஓரத்துக்கு வருவோம். பத்திரத்தை யார் தாக்கல் செய்தார், எழுதிக்கொடுத்ததாக யார் ஒப்புக்கொண்டார், பதிவாளர் முன்னிலையில் பணம் கைமாறியதா என்ற புறக்குறிப்புகளையும் பதிவுச் சான்றையும் புத்தகத்தின் ஓரத்தில் படியெடுக்க வேண்டும் என்று 61ஆம் பிரிவு சொல்கிறது. பின்னாளில் அந்தப் பத்திரம் ரத்தானாலோ பிழைதிருத்தப் பத்திரம் பதிவானாலோ அதற்கான குறிப்பையும் பழைய பதிவின் பக்கத்திலேயே எழுதிவைப்பார்கள். ஆக, ஓரம் என்பது வெற்றிடம் இல்லை, ஆவணத்தின் பகுதி. ஸ்கேனர் மென்பொருளில் இருக்கும் தானியங்கி வெட்டு வசதிக்கு இது தெரியாது. எழுத்து அடர்ந்த நடுப்பகுதியைப் பக்கம் என்று எடுத்துக்கொண்டு, மங்கலான ஓரக் குறிப்பை அழுக்கு என்று நினைத்து வெட்டிவிடும். தையல் பக்கம் இன்னும் மோசம். தடித்த தொகுதியை முழுதாக விரிக்காமல் எடுத்தால் உள் ஓரத்து எழுத்து மடிப்புக்குள் போய்விடும். எனவே தானியங்கி வெட்டை அணைத்துவிட்டு, தாளின் நான்கு விளிம்பும் அதற்கு வெளியே ஒரு விரல்கடை பின்னணியும் தெரியும்படி எடுக்க வேண்டும் என்று டென்டரிலேயே எழுதிவிடலாம். விளிம்பு தெரியாத படம் நிராகரிக்கப்படும் என்றால் யாரும் வெட்டமாட்டார்கள்.

தொகுதியைக் கவிழ்த்து வைத்து மேலிருந்து அழுத்தும் தட்டை ஸ்கேனர் இந்த வேலைக்கு ஆகாது. முதுகு பிளந்து, தாள் தாளாகக் கையில் வரும். தொகுதியை வி வடிவத் தொட்டிலில் 90 முதல் 120 பாகைக்குள் விரித்துவைத்து, மேலிருந்து கேமரா எடுக்கும் கருவிதான் வேண்டும். பைண்டிங்கைப் பிரித்து, தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் கருவியில் விடுவதைப் பழுத்த தாளுக்குச் செய்யவே கூடாது. ஒரு தாள் சிக்கிக் கிழிந்தால் அந்தப் பத்திரத்துக்குப் பதிவேட்டில் மாற்று கிடையாது.

கருவிக்கு வரும் முன்னான வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தூசியை மென்மையான தூரிகையால் தையலிலிருந்து வெளிநோக்கித் தள்ளி எடுக்க வேண்டும். குண்டூசி, துருப்பிடித்த கிளிப், டேக் நூல் இவற்றை எடுக்கும்போது எது எதோடு சேர்ந்திருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒட்டிப்போன தாள்களைப் பிரிக்க முயலாமல், தொகுதிக்குள் ஒரு சீட்டு வைத்து, பழைய தாள்களைப் பேணும் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டக் கூடாது, அதன் பசை சில வருடங்களில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து மறைத்துவிடும். பிறகு எண் சரிபார்ப்பு. 53ஆம் பிரிவின்படி ஒவ்வொரு புத்தகத்திலும் பதிவு எண் ஆண்டின் தொடக்கத்தில் 1இல் தொடங்கி ஆண்டோடு முடியும். இது பெரிய வசதி. 1938இன் கடைசி எண் தெரிந்தால் இடையில் எது விடுபட்டது என்று ஸ்கேன் செய்யுமுன்னே கண்டுபிடித்துவிடலாம். தாள் கிழிந்து போயிருந்தாலும், பக்கம் எலி கடித்து இல்லாவிட்டாலும், அதை அப்போதே பதிவாளர் கையெழுத்தோடு பட்டியலிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தப் பக்கம் முன்பே இல்லையா, ஸ்கேன் செய்யும்போது தொலைந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. வெற்றுப் பக்கத்தையும் படமெடுக்க வேண்டும். இல்லையேல் அந்த இடத்தில் ஏதோ மறைக்கப்பட்டதாக நாளை ஒருவர் வழக்காடலாம்.

பூச்சி அரித்த தாளில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. சர்வே எண் 13 என்று எழுதிய இடத்தில் 3இன் இடப்பக்கம் ஒரு துளை விழுந்திருக்கும். அந்தத் துளை வழியே அடுத்த தாளின் எழுத்து எட்டிப் பார்க்கும். அங்கே ஒரு வளைவு இருந்தால் படத்தில் 3 என்பது 8 ஆகத் தெரியும். கையில் தாள் இருந்தால் புரட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம், படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த வழி இல்லை. இதற்குத் தீர்வு எளிது. எடுக்கும் பக்கத்துக்குக் கீழே எழுத்தில்லாத இளஞ்சாம்பல் நிறத் தாள் ஒன்றைச் செருக வேண்டும். கறுப்புத் தாள் வைத்தால் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரிவது குறையும் என்பது உண்மைதான், ஆனால் துளை மைப்புள்ளி போலத் தெரியும். துளையுள்ள தாளுக்குச் சாம்பல், துளையில்லாத மெல்லிய தாளுக்குக் கறுப்பு என்று இரண்டையும் மேஜையில் வைத்திருப்பது நல்லது.

தெளிவு 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), 24 பிட் வண்ணம். செலவைக் குறைக்கக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது தவறு. பழைய இரும்பு மை காலப்போக்கில் பழுப்பாகிவிடும், தாளும் பழுப்பு. ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பா வெள்ளையா என்று மென்பொருளே முடிவு செய்யும்போது மெல்லிய கீற்றுகள் வெள்ளையாகிப் போகும். பென்சில் குறிப்பும் வெளிறிய முத்திரையும் காணாமல் போகும். சிவப்பு மையில் பின்னால் எழுதப்பட்ட திருத்தம் கறுப்பாகி மூல எழுத்தோடு கலந்துவிடும். எட்டரைக்குப் பதின்மூன்றரை அங்குலத் தாள் ஒன்று 400 டிபிஐயில் சுருக்காமல் ஏறத்தாழ 55 எம்பி வரும். பெரியதுதான். தகவல் இழப்பில்லாத சுருக்கத்தில் டிஃப் அல்லது ஜேபெக் 2000 கோப்பாக மூலப் படத்தை வைத்துக்கொண்டு, பொதுமக்கள் பார்க்க அதிலிருந்து சிறிய பிடிஎஃப் தயாரித்துக்கொள்ளலாம். சிறியதிலிருந்து பெரியதை மீட்க வழியில்லை.

சுருக்கத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்ற கணினி வல்லுநர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில அலுவலகக் கருவிகள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். 6 இருந்த இடத்தில் 8 வந்தது. காரணம், ஜேபிக்2 என்ற சுருக்க முறை. ஒன்றுபோலத் தெரியும் எழுத்துருவங்களை ஒரே உருவமாக எடுத்துக்கொண்டு, ஒன்றின் படத்தை மற்றொன்றின் இடத்தில் வைத்துவிடும். மங்கலாகவோ உடைந்தோ வந்தால் நமக்குச் சந்தேகமாவது வரும். இதில் தவறான எண் பளிச்சென்று சரியாகத் தெரியும் என்பதுதான் கொடுமை. நில அளவும் எல்லையும் தொகையும் எண்களாலேயே நிற்கும் பத்திரத்துக்கு இந்த முறையின் இழப்புள்ள வடிவத்தை எந்த நிலையிலும் அனுமதிக்கக் கூடாது. பிடிஎஃப் தயாரிக்கும் மென்பொருளின் அமைப்பில் இது இயல்பாகவே இயங்கும்படி இருக்கலாம் என்பதால் வேலை தொடங்கும் முன் திறந்து பார்த்துவிட வேண்டும்.

ஸ்கேன் முடிந்தபின் அட்டவணை. வில்லங்கச் சான்று போடுகிறவர் படத்தைப் புரட்டித் தேடமாட்டார், அட்டவணையில்தான் தேடுவார். படம் அருமையாக இருந்து அட்டவணையில் சர்வே எண் தவறியிருந்தால் அந்த அடமானம் சான்றில் வராது. வில்லங்கம் இல்லை என்று நம்பி ஒருவர் வாழ்நாள் சேமிப்பைக் கொடுப்பார். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975க்குப் பிந்தைய வில்லங்கத்தை இணையத்தில் பார்க்கலாம். அதற்கு முந்தைய காலத்துக்கான அட்டவணையைக் கணினியில் ஏற்றும் வேலைதான் இதில் கடினமானது, மிகக் குறைந்த விலைக்கு விடப்படுவதும் அதுதான்.

சட்டமே 55ஆம் பிரிவில் 1ஆம் புத்தகத்துக்கு ஆள் பெயர் அட்டவணை, சொத்து அட்டவணை என்று இரண்டு தந்திருக்கிறது. அவை தொகுதிகளாக அலுவலகத்தில் உள்ளன. அவற்றைப் பார்த்து அப்படியே தட்டினால் போதும் என்பது தவறு, பழைய அட்டவணையிலும் விடுபடல் உண்டு. பத்திரத்தின் படத்திலிருந்து ஒருவர் தட்ட வேண்டும், அதைப் பாராமல் இன்னொருவர் மறுபடி தட்ட வேண்டும், இரண்டும் மாறுபடும் இடத்தை மூன்றாமவர் படத்தைப் பார்த்துத் தீர்க்க வேண்டும். அதற்குப் பிறகு பழைய அட்டவணைத் தொகுதியோடு ஒப்பிட வேண்டும். அந்த மூன்றாமவர் பத்திர நடை தெரிந்தவராக இருப்பது அவசியம். 'மேற்படி', 'ஷை', 'இதில் பாதி' என்று எழுதியிருந்தால் எதில் பாதி என்பது முன் பத்தியைப் படித்தவருக்குத்தான் புரியும்.

எங்கெல்லாம் சறுக்கும் என்று சொல்கிறோம். சர்வே எண் 12/3 என்று எக்செல்லில் தட்டினால் அது தேதியாக மாறிவிடும், பிறகு அது மார்ச் 12ஆ டிசம்பர் 3ஆ 12/3ஆ என்று தெரியாது. அந்தப் பத்தியை (நெடுவரிசையை) முதலிலேயே எழுத்து வகையாக அமைக்க வேண்டும். உட்பிரிவை ஒருவர் 12/3ஏ என்றும் இன்னொருவர் 12-3-அ என்றும் தட்டினால் தேடலில் ஒன்று மட்டும் வரும். எனவே முதன்மை எண், உட்பிரிவு எண், எழுத்து மூன்றும் தனித்தனிப் பத்திகளாக வேண்டும். 1957 ஏப்ரல் 1 வரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. பத்திரத்தில் 5-8-0 என்றிருப்பது ஐந்தரை ரூபாய். அதை 5.80 என்று தட்டுவது நடக்கிறது. பரப்பையும் மாற்றி எழுதக் கூடாது. ஏக்கர், சென்ட் என்று இருந்தால் அப்படியே, காணி, மா, குழி என்றிருந்தால் அப்படியே. குழியின் அளவு ஊருக்கு ஊர் வேறு என்பதால் ஹெக்டேராக மாற்றித் தட்டுகிறவர் தன் ஊர்க் கணக்கை அடுத்த ஊரின் மேல் ஏற்றிவிடுவார்.

ஆண்டும் அப்படித்தான். பத்திரத்தின் உள்ளே பசலி என்ற வருவாய்த் துறை ஆண்டு இருக்கும். பசலி ஜூலை 1இல் பிறக்கும், 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. வெறுமே 590 கூட்டி ஓர் ஆண்டை மட்டும் போட்டால் ஜனவரி முதல் ஜூன் வரையிலானவை முந்தைய ஆண்டுக்குப் போய்விடும். கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தவை. அங்கே கொல்லம் ஆண்டும் மலையாள எழுத்தும் வரும். அந்தத் தொகுதிகளுக்கு மலையாளம் படிக்கத் தெரிந்தவரை அமர்த்துவது தவிர வேறு வழியில்லை.

கிராமத்தின் பெயரைப் பத்திரத்தில் உள்ளபடி ஒரு பத்தியிலும், இன்றைய வருவாய்க் கிராமத்தின் குறியீட்டை இன்னொரு பத்தியிலும் போட வேண்டும். 1930இல் எழுதிய பத்திரத்தில் தென்னாற்காடு ஜில்லா கள்ளக்குறிச்சி தாலுகா என்றிருக்கும். 1993இல் அது விழுப்புரம் மாவட்டமானது, 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. பழைய பெயரை அழித்துப் புதியதைத் தட்டினால் ஆவணத்தோடு பொருந்தாது, புதியதைச் சேர்க்காவிட்டால் தேடுகிறவருக்குக் கிடைக்காது. சர்வே எண்ணுக்கும் இதே நிலைதான். மறுஅளவையிலும், 1980களின் யூடிஆர் என்ற நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுப் பணியிலும், நகர அளவையிலும் எண்கள் மாறின. பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியல் வருவாய்த் துறையிடம் இருக்கிறது. அதைப் பதிவுத் துறையின் அட்டவணையோடு இணைக்காமல் பழைய பத்திரங்களை ஏற்றினால் பாதிப் பயன்தான்.

கையெழுத்தைக் கணினியே படிக்கும் மென்பொருள் பற்றிய நம்பிக்கை இப்போது அதிகம். தேடலுக்குத் துணையாக அதை வைத்துக்கொள்ளலாம், சான்று அதிலிருந்து போகக் கூடாது. பழைய படிகளில் புள்ளி வைக்காமல் எழுதுவது வழக்கம், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை, னை வடிவங்கள் வரும். தமிழ் எண்கள் வந்தால் ௭ என்பது எ போலவும் ௮ என்பது அ போலவும் இருக்கும். உட்பிரிவு 4/௮ எட்டாம் எண்ணா, 'அ' பிரிவா என்று பக்கத்து எல்லைகளைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கால், அரைக்கால், மாகாணி போன்ற பின்னக் குறிகளுக்கு யூனிகோடில் 2019இல்தான் இடம் கிடைத்தது. எழுத்துருக்கள் பலவற்றில் இன்னும் அவை இல்லை. அதனால் பின்னத்தைச் சொல்லாகத் தட்டும்படி விதி வகுத்துக்கொள்வது பாதுகாப்பு. முன்பு வானவில் என்ற, யூனிகோடு அல்லாத குறியாக்கத்தில் தட்டிய பழைய அட்டவணைகளை யூனிகோடாக மாற்றும்போதும் ஒவ்வொரு கோப்பிலும் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும், கொம்பும் காலும் இடம் மாறிவிடும்.

அந்தரங்கம் பற்றி ஒன்று. 57ஆம் பிரிவின்படி 1, 2ஆம் புத்தகங்களை யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். உயில் உள்ள 3ஆம் புத்தகத்தின் நகலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் முகவருக்கோதான் தரலாம். 4ஆம் புத்தகம் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும். எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் ஏற்றி ஒரே கடவுச்சொல்லில் ஒப்பந்ததாரர் ஆட்களுக்குத் திறந்துவிடுவது சட்டத்துக்கு எதிரானது.

ஒவ்வொரு படக் கோப்புக்கும் எடுத்த அன்றே ஷா-256 சரிபார்ப்பு எண் கணக்கிட்டு, அந்தப் பட்டியலைப் பதிவாளர் மின் கையொப்பமிட்டு வைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ்ப் படிவத்திலேயே இந்த எண்ணுக்கு இடம் இருக்கிறது. கோப்பு பின்னால் மாற்றப்படவில்லை என்று நீதிமன்றத்தில் காட்ட அது உதவும். பிரதிகள் மூன்று, அவற்றில் ஒன்று வேறு மாவட்டத்தில். 2015 டிசம்பரில் சென்னையிலும் 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் வந்த வெள்ளத்தைப் பார்த்தபின் இதற்கு விளக்கம் வேண்டாம்.

டென்டரில் மாற்ற வேண்டியது பணம் கொடுக்கும் முறை. பக்கத்துக்கு இவ்வளவு என்பதற்குப் பதில் தொகுதிக்கு இவ்வளவு என்று வைத்து, தொகுதியின் பதிவு எண்கள் முதலிலிருந்து கடைசி வரை அட்டவணையோடு பொருந்தினால்தான் பணம் என்றாக வேண்டும். நூற்றுக்குப் பத்துப் படங்களை அலுவலர் முழு அளவில் திறந்து படிக்க வேண்டும். ஒரு பக்கம் விடுபட்டிருந்தாலும் தொகுதி முழுவதும் திரும்பிப் போக வேண்டும். அட்டவணைக்கு ஸ்கேனைவிட அதிக விலை நிர்ணயிக்க வேண்டும். பழுத்த தொகுதியில் ஒரு கருவி ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பக்கம் எடுத்ததாகக் கணக்கு வந்தால், அந்தத் தொகுதியை எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஸ்கேன் முடிந்ததும் இடம் அடைக்கிறது என்று மூலத் தொகுதிகளை ஒதுக்கும் பேச்சு எழாமல் இருக்காது. 2001இல் சேர்த்த 16ஏ பிரிவு புத்தகங்களைக் கணினி வடிவில் வைக்க அனுமதிக்கிறது. கையால் எழுதிய பழையவற்றை அழிக்கலாம் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மையின் நிறம், எழுத்தின் அழுத்தம், தாளின் நீர்க்குறி ஆகியவற்றை வைத்து மோசடியை நிரூபிக்கும் வழக்கில் படம் போதாது. தொகுதிகளை முதல் மாடியில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரும்பு அலமாரியில், ஒவ்வொன்றின் முதுகிலும் படக் கோப்பின் எண்ணோடு வைத்தால் எது எங்கே என்று ஐந்து நிமிடத்தில் எடுக்கலாம்.

அட்டவணையில் பிழை கண்டவர் எங்கே போய்ச் சொல்வது என்பதற்கும் இப்போதே வழி செய்ய வேண்டும். அந்தந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு படிவம், படத்தையும் தேவைப்பட்டால் தொகுதியையும் எடுத்துப் பார்க்க ஒரு காலக்கெடு, திருத்தினால் பழைய பதிவை அழிக்காமல் யார், எந்தத் தேதியில், எந்த ஆதாரத்தில் திருத்தினார் என்று பக்கத்திலேயே பதிவது. இதைப் பதிவுத் துறை ஒரு சுற்றறிக்கையாகவே வெளியிடலாம்.

இப்படிக்கு,
பதிவேட்டுப் பணியில் உள்ளவர்கள் சிலர்,
சென்னை